சடையன் கரடியின் அவசர விரதம்

சடையன் என்ற கரடியும் அவன் மனைவி பிச்சியும் ஓடைக்கரையில் ஒரு பாறைக் குகையில் குடியிருந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் காடு. அந்தப் பக்கம் மனிதர்களின் கரும்பாலை. மார்கழி பிறந்தால் ஆலையில் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பெரிய கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும். மேலே நுரைத்து மிதக்கும் அழுக்கை ஆட்கள் வழித்தெடுத்து, கரையில் குப்பைமேடாகக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த இனிப்பு அழுக்கில்தான் சடையன் விழுந்தான்.

முதல் நாள் நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தான். மறுநாள் நக்கினான். பிறகு குவியலுக்குள் முகத்தையே புதைத்தான். தை மாதம் பாதி போவதற்குள் அவனுக்கு வேறு எதுவும் இரையாகத் தெரியவில்லை. கறையான் புற்றைத் தோண்டுவதை விட்டான். இலந்தை மரத்தடிக்குப் போவதை விட்டான். கண்ட நேரத்தில் தின்றான், கண்ட நேரத்தில் தூங்கினான். மண்ணைத் தோண்டாததால் நகங்கள் தேயாமல் வளர்ந்து அரிவாள் போல வளைந்துவிட்டன. பல் கூசியது. வயிறு தரையில் உரசியது. நாலடி நடந்தால் மூச்சு இரைத்தது.

ஒருநாள் பிச்சி இலந்தைப்பழம் பொறுக்கப் போனாள். குண்டுமணி, சுள்ளான் என்ற இரண்டு குட்டிகளும் மணலில் விளையாடிக்கொண்டிருந்தன. சடையன்தான் காவல்.

அந்த நேரம் பார்த்துச் செந்நாய்க் கூட்டம் வந்தது. அதன் தலைவன் பெயர் செவலையன். கரடி எழுந்து நின்று ஒரு உறுமல் உறுமினால் போதும், செந்நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். காலம் காலமாக அப்படித்தான் நடந்து வந்தது.

சடையன் எழுந்து நின்றான். இரண்டடி முன்னால் வைத்தான். கண் இருட்டியது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

செந்நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு குட்டிகளைச் சுற்றி வளைத்தன.

குட்டிகளின் அலறல் கேட்டுப் பிச்சி பாய்ந்து வந்தாள். ஒருத்தியாக நின்று அத்தனை நாய்களையும் அடித்து விரட்டினாள். அவளுடைய இடது காது கிழிந்து தொங்கியது.

"என்னங்க இது!" என்று கத்தினாள். "பெத்த பிள்ளைங்களைக் கண்ணெதிரே நாய் சுத்துது. நீங்க உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு இருக்கீங்க!"

"கால் வழுக்கிடுச்சு, பிச்சி!"

"கால் வழுக்கல! வயிறு இழுத்துச்சு! உங்க நகத்தைப் பாருங்க. அதை வச்சு ஒரு எறும்பைக்கூட கீற முடியாது. அந்தக் குப்பை மேட்டுல என்னதான் இருக்கு? பிள்ளைங்க உயிரைவிடவா அது இனிக்குது?"

வெட்கம் சடையனைப் பிடுங்கித் தின்றது. இரவெல்லாம் புரண்டான். விடியும்போது அந்த வெட்கம் ஆத்திரமாக மாறியிருந்தது.

காலையில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கும் மடுவுக்கு நேராகப் போனான். மான்கள் இருந்தன. குரங்குகள் இருந்தன. எதிர்க்கரையில் செவலையனும் இருந்தான். சடையன் ஒரு பாறைமேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்க! இந்த நிமிஷத்திலிருந்து நான் விரதம்! இனிப்பும் கிடையாது, பழமும் கிடையாது, கறையானும் கிடையாது. வெறும் தண்ணி! உடம்புல சேர்ந்த கசடு முழுக்கக் கரையற வரைக்கும் வெறும் தண்ணிதான்!"

குரங்குகள் கிளைகளை உலுக்கி ஆரவாரம் செய்தன. மான்கள் ஆச்சரியமாகப் பார்த்தன.

எதிர்க்கரையிலிருந்து செவலையன் உரக்கச் சொன்னான். "அண்ணே, நேத்து நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. இதுதான் வீரம்! விட்டா ஒரே வெட்டா விட்டுடணும். கொஞ்சம் கொஞ்சமா விடறவன் கோழை. நீங்க சிங்கம்ணே!"

சடையனுக்கு நெஞ்சு விம்மியது. எதிரியே மெச்சுகிறானே! தலையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுக் கம்பீரமாக வீட்டுக்கு நடந்தான்.

அவன் முதுகு மறைந்ததும் செவலையன் தன் கூட்டத்தாரிடம் திரும்பினான். "இவ்வளவு தின்னு பழகின வயிறு திடீர்னு காஞ்சா என்ன ஆகும் தெரியுமா? நாமளே கஷ்டப்பட்டு அடிக்க வேண்டாம். அவனே விழுவான். அவன் விழற அன்னிக்குக் குட்டிங்க நமக்கு!"

குகை வாசலில் பிச்சி நின்றுகொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குரங்குகள் இருக்கும் காட்டில் எந்தச் செய்திதான் நிற்கும்?

"வெறும் தண்ணியா?" என்றாள்.

"வெறும் தண்ணி!"

"விட வேண்டாம்னு சொல்லல. விட்டே ஆகணும். ஆனா உடம்பு தயாரா? நேத்து சாயங்காலம் வரைக்கும் பாகுல ஊறிக் கிடந்த உடம்பு அது."

"மனசு தயார். அது போதும்!"

பிச்சி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாள். "கேளுங்க. போன வருஷம் நானும் அந்த மேட்டுல நக்கினவதான். வயித்துல பிள்ளைங்க வந்ததும் விடணும்னு நினைச்சேன். ஒரே நாள்ல நிறுத்தினேன். சாயங்காலத்துக்குள்ள தலை வெடிச்சிடுச்சு. கை நடுங்குச்சு. உங்களையே கடிக்க வந்தேனே, ஞாபகம் இல்லையா? அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அந்த மேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வயிறு நிறையக் கறையான் தின்னேன். பழம் தின்னேன். அங்க போனா தானா கொஞ்சம்தான் இறங்குச்சு. அப்படியே குறைச்சேன். நாக்கும் மறந்துச்சு, உடம்பும் மறந்துச்சு. ஒருநாள் பார்த்தா, போகணும்னே தோணல."

"அது உனக்கு."

"உங்களுக்கும் அதேதான்! முதல்ல இந்த வீட்டை மாத்துவோம். மலை மேல குகை காலியா இருக்கு. இங்க இருந்தா காத்தடிக்கிற போதெல்லாம் அந்த வாசனைதான் மூக்குல ஏறும். தூக்கத்தைச் சரி பண்ணுங்க. நகம் தேயற மாதிரி தினமும் தோண்டுங்க. உடம்பு ஒரு நிலைக்கு வரட்டும். அப்புறம் விரதம் இருங்க, நானும் கூட இருக்கேன்."

சடையன் எகிறினான். "கொஞ்சம் கொஞ்சமா விடறவன் கோழை! செவலையனே சொல்லிட்டான்!"

"யாரு? நேத்து உங்க பிள்ளைங்களைத் தின்ன வந்தவனா?" பிச்சிக்கு அடக்கிய கோபமெல்லாம் பீறிட்டது. "கட்டினவ சொன்னா காதுல ஏறாது. கடிக்க வந்தவன் சொன்னா வேதவாக்கு! இருங்க, நல்லா இருங்க உங்க விரதத்தை!"

குட்டிகளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு அவள் இரை தேடப் போய்விட்டாள்.

முதல் நாள் நண்பகல் வரை சடையனுக்கு ஒரு குறையும் இல்லை. மடுவுக்குப் போனான், தண்ணீர் குடித்தான். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "நான் விரதம்" என்றான். வெயில் சாயும் நேரத்தில் நெற்றிப் பொட்டில் ஏதோ குத்தியது. பிறகு தலை முழுக்க வலித்தது. கைகால் நடுங்கியது. அக்கரையில் கொப்பரை இறக்கினார்கள். வெந்த பாகின் வாசனை காற்றில் மிதந்து குகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

"அப்பா, வா, விளையாடலாம்!" என்று சுள்ளான் அவன் காலைக் கட்டிக்கொண்டான்.

"போடா அந்தப் பக்கம்!" என்று சடையன் உதறினான். குட்டி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. அது அழக்கூட இல்லை. மிரண்டுபோய்க் குண்டுமணியின் பின்னால் ஒளிந்துகொண்டது.

மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. மரங்கொத்தி கொத்தினால் கோபம். இலை விழுந்தால் கோபம். ஒரு மான்குட்டி தண்ணீரைக் கலக்கிவிட்டது என்று அதன் தாயைத் துரத்தினான். நேற்று ஆரவாரம் செய்த குரங்குகள் இன்று அவனைக் கண்டதும் உச்சிக்கிளைக்கு ஏறிக்கொண்டன. அதற்கும் அவனுக்குக் கோபம்! பசியை அவன் அடக்கினான் என்று சொல்ல முடியாது. பசிதான் அவன் மேல் ஏறி உட்கார்ந்து அவனை ஓட்டிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் அவனுடைய கால்கள் தாமாகவே குப்பைமேட்டுப் பக்கம் நடந்தன. இவ்வளவு நாள் நடந்த வழி அது. அந்த வழியை அவன் மாற்றவே இல்லையே! பாதி வழியில்தான் சடையனுக்கு உணர்வு வந்தது. "சீ!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினான். எதிரே ஒரு கறையான் புற்று நின்றது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஆத்திரத்துக்கு அடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. இரண்டு கைகளாலும் புற்றை அறைந்தான்.

"நில்லு! நில்லு!" என்று புதரிலிருந்து ஒரு குரல் கேட்டது. கெட்டியம்மா என்ற உடும்பு தலைதெறிக்க ஓடி வந்தாள். "அண்ணே, நிறுத்துங்க! உள்ள என் முட்டை இருக்கு! நாலு நாள்ல பொரியப் போகுது!"

சடையனுக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை. மறுபடி அறைந்தான். மறுபடியும் அறைந்தான். புற்று இரண்டாகப் பிளந்து சரிந்தது.

அவனுடைய வளைந்த நகங்களில் மஞ்சளாக ஏதோ வழிந்தது.

அதன் பிறகுதான் அவன் நின்றான்.

கெட்டியம்மா உடைந்த மண்ணுக்குள் தலையை விட்டுத் தேடினாள். ஒவ்வொரு ஓடாக முகர்ந்து பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"ஏண்டா?" என்றாள். "திங்கறதுக்கு இடிச்சியா? அதுவும் இல்லையே! எதுக்குடா இடிச்ச?"

"நான் விரதத்துல இருக்கேன். தலை ரொம்ப வலி. என்னமோ ஆத்திரம் வந்துடுச்சு..."

"உன் தலைவலிக்கு என் பிள்ளைங்கதான் மருந்தா!" கெட்டியம்மா வாலைத் தரையில் ஓங்கி அடித்தாள். "உன் வயித்தைக் கழுவ நீ புறப்பட்ட. என் வயித்தைக் காலி பண்ணிட்டியே, பாவி! யாருடா உன்னை விரதம் இருக்கச் சொன்னது? இருக்கத் தெரியாதவன் எதுக்குடா இருக்கற? போ! என் கண்ணு முன்னாடி நிக்காத!"

சடையன் ஓடினான். எங்கே ஓடுகிறோம் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கால்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஓடையைத் தாண்டி, குப்பைமேட்டில் போய் விழுந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றான். மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துத் தின்றான். அழுதுகொண்டே தின்றான். காய்ந்து கிடந்த வயிறு அதைத் தாங்குமா? கொஞ்ச நேரத்தில் எல்லாம் வாந்தியாக வந்தது. அதன்பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சுருண்டு கிடந்தான்.

செவலையன் மூன்று நாளும் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் கூட்டத்தை எழுப்பினான். "சிங்கம் சாஞ்சிடுச்சு! வாங்கடா!"

செந்நாய்கள் நேராகக் குகைக்குப் போயின.

பிச்சி குட்டிகளைப் பாறை இடுக்குக்குள் தள்ளிவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் வந்தவனை அறைந்தாள். பக்கத்தில் பாய்ந்தவனைக் கடித்தாள். ஆனால் நாய்கள் பல, அவள் ஒருத்தி. ஒருவன் அவளுடைய காலைக் கவ்வி இழுக்கும்போதே இன்னொருவன் இடுக்கில் தலையை விட்டான். சுள்ளான் வீறிட்டான்.

அந்தச் சத்தம் ஓடையைத் தாண்டிச் சடையனுக்குக் கேட்டது. எழுந்தான். ஓடினான். ஓடையின் நடுவில் கால் மடங்கி விழுந்தான். மறுபடி எழுந்தான். மறுபடி விழுந்தான். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதைத் தாண்ட அவனால் முடியவில்லை. கத்த முயன்றான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கண்ணுக்கு எதிரே வீடு. கண்ணுக்கு எதிரே மனைவி ரத்தம் வழிய நிற்கிறாள். எல்லாம் தெரிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிச்சி காலைக் கவ்வியவனை விட்டுவிட்டாள். அவன் சதையைக் கிழித்தாலும் கிழிக்கட்டும் என்று விட்டுவிட்டு, இடுக்கில் தலைவிட்டவனைக் கழுத்தில் பிடித்து இழுத்துப் பாறையில் மோதினாள். பிறகு ஒரே பாய்ச்சலில் செவலையன் மேலேயே விழுந்து அவன் மூக்கைக் கிழித்தாள். தலைவன் ஊளையிட்டதும் மற்ற நாய்களுக்குப் பயம் வந்தது. பின்வாங்கின.

குட்டிகள் இரண்டும் பிழைத்தன. ஆனால் சுள்ளானின் பின்னங்காலில் ஆழமான கடி விழுந்திருந்தது.

பிச்சி நொண்டிக்கொண்டே ஓடைக்கு வந்தாள். தண்ணீரில் உட்கார்ந்திருந்த சடையனின் முகத்தில் பாகு அப்பியிருந்தது. நகத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது. இதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதே இல்லை. இப்போது பேசினாள்.

"எந்திரிடா!"

சடையன் தலையைத் தூக்கினான்.

"கெட்டியம்மா வந்து சொல்லிட்டுப் போனா. அவ பிள்ளைங்களைக் கொன்னுட்ட. நம்ம பிள்ளையோட காலைக் கடிக்க விட்டுட்ட. விரதமா இது? நீ இருந்தது விரதம் இல்ல. நாலு பேர் கைதட்டணும்னு ஆடின கூத்து! கைதட்டினவன் எவனாவது வந்தானா? குரங்கு வந்துச்சா? மான் வந்துச்சா? மெச்சினவன்தான் வந்தான், நம்ம பிள்ளைங்களைத் தின்ன!"

"பிச்சி, நான் நல்லது செய்யணும்னுதான்..."

"வாயை மூடு! நல்லது செய்யறதுக்கும் ஒரு முறை இருக்கு. உடம்பு உன்னோடதுதான், அடிமை இல்ல. நேத்து வரைக்கும் கொட்டிக் கொட்டி வளர்த்துட்டு, இன்னிக்குக் காலையில கதவைச் சாத்தினா அது சும்மா இருக்குமா? வீட்டையே உடைக்கும். உடைச்சிருச்சு!"

அவள் மூச்சு வாங்கினாள்.

"நான் பிள்ளைங்களோட மலைக்குப் போறேன். பின்னாடியே வராத. உன்னைப் பார்த்தாலே சுள்ளான் நடுங்கறான். உன் நகம் எப்போ மண்ணைத் தோண்டுதோ, உன் கை எப்போ உன் பேச்சைக் கேக்குதோ, அப்போ வா. இல்லன்னா இந்த மேட்டுலயே கிட!"

போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சடையன் அன்று முழுக்க ஓடையிலேயே கிடந்தான். யார் மேலும் கோபப்பட அவனுக்கு இப்போது வழியில்லை. கோபம் முழுக்க அவன் மேலேயே திரும்பியது. ஆனால் இந்த முறை அவன் பாறைமேல் ஏறி ஒன்றும் சொல்லவில்லை.

மலை அடிவாரத்தில், வாசனை எட்டாத இடத்தில், ஒரு மரப்பொந்தைத் தேடிக் குடியேறினான். விடிந்ததும் முதல் வேலையாக மண்ணைத் தோண்டினான். வளைந்த நகம் ஒன்று ஒடிந்து ரத்தம் வந்தது. வலி பொறுத்துத் தோண்டினான். அகப்பட்ட கறையானைத் தின்றான். சப்பென்று இருந்தது. துப்பிவிடலாமா என்று தோன்றியது. விழுங்கினான். இலந்தை மரத்தடியில் கொஞ்சம் பழம் பொறுக்கித் தின்றான். தண்ணீர் குடித்தான். அதற்குப் பிறகுதான் குப்பைமேட்டுக்குப் போனான்.

ஆம், போனான். போகாமல் இருக்க முடியாது என்று அவனுக்கு இப்போது தெரியும். ஆனால் வயிறு முக்கால்வாசி நிறைந்திருந்ததால் பழைய அளவில் பாதிகூட இறங்கவில்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். படுத்தான். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் தவறிவிட்டான். முகம் முழுக்கப் பாகோடு திரும்பி வந்து, பொந்துக்குள் உட்கார்ந்து தன்னையே திட்டினான். ஆனால் அதற்காகப் பட்டினி கிடக்கவில்லை. காலையில் மறுபடி போய்த் தோண்டினான்.

நாள் போகப் போகக் கறையானுக்கு ருசி வந்தது. உண்மையில் அதற்கு எப்போதும் ருசி இருந்தது. அவனுடைய நாக்குதான் மரத்துப்போயிருந்தது. நகங்கள் தேய்ந்து கூராயின. இருட்டியதும் தானாகத் தூக்கம் வந்தது. சில நாள் குப்பைமேட்டுக்குப் போக மறந்தேவிட்டான்.

ஒருநாள் மலைப்பாதையில் செவலையனும் அவன் கூட்டமும் எதிரே வந்தார்கள். மேலே இருக்கும் குட்டிகளைத் தேடித்தான் வந்தார்கள். சடையன் பாதையை மறித்து நின்றான்.

செவலையன் சிரித்தான். கிழிந்த மூக்கோடு அந்தச் சிரிப்பு கோணலாக இருந்தது. "என்னண்ணே, மேட்டுப் பக்கம் உங்களை இன்னும் பார்க்கறதா கேள்வி! இன்னும் முழுசா விடலையா? சிங்கம்னு நினைச்சேன். கடைசியில கோழைதானா?"

முன்பென்றால் இந்த ஒரு சொல்லுக்கே சடையன் வெறிபிடித்துக் குதித்திருப்பான்.

"ஆமா, முந்தாநாள்கூட ரெண்டு வாய் நக்கினேன்," என்றான். "நாளைக்கும் நக்கலாம். நக்காமலும் இருக்கலாம். அதை நீ ஏண்டா கேக்கற?"

பேச்சில் மடக்க முடியாததால் செவலையன் பாய்ந்தான். சடையன் எழுந்து நின்றான். கண் இருட்டவில்லை. ஒரே அறை. செவலையன் சரிவில் உருண்டு முள்ளுக்குள் விழுந்தான். சடையன் உறுமிய உறுமலில் மற்ற நாய்கள் மலையின் மறுபக்கம் வரைக்கும் நிற்காமல் ஓடின. அதன் பிறகு அந்தக் கூட்டம் இந்தக் காட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

சடையன் மேலே ஏறவில்லை. முதலில் போக வேண்டிய இடம் வேறு இருந்தது.

கெட்டியம்மா ஒரு காய்ந்த மரத்தின் வேரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் உடலை ஊதிக்கொண்டு எழுந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ! நான் மன்னிக்க மாட்டேன்!"

"கேக்க வரல. செஞ்சது நான்தான்னு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வந்தேன். அன்னிக்கு விரதத்து மேல பழியைப் போட்டேன். விரதம் இடிக்கல. நான்தான் இடிச்சேன். நீ நில்லுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

கெட்டியம்மா வாலைச் சுழற்றி அவன் முகத்தில் விளாசினாள். கன்னம் கிழிந்தது. மறுபடி விளாசினாள். சடையன் கையைத் தூக்கவில்லை. உறுமவில்லை. அவள் ஓயும்வரை நின்றான்.

"போ," என்றாள் அவள். அவள் அவனை மன்னிக்கவில்லை. கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அது அவளுடைய உரிமை.

கன்னத்தில் ரத்தத்தோடு சடையன் மலைக் குகைக்குப் போனான். பிச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்போ விரதம் இருக்கலாம்னு நினைக்கறேன்," என்றான் சடையன். "ஒரே ஒரு நாள். உன்னைக் கேட்டுட்டு இருக்கலாம்னு வந்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்போ இருங்க."

அன்று அவன் தண்ணீர் மட்டும் குடித்தான். பசித்தது. ஆனால் தலை வலிக்கவில்லை, கை நடுங்கவில்லை. நிழலில் படுத்து ஆலமரத்தில் கிளிகள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். யார் மேலும் கோபம் வரவில்லை. பிச்சிக்குத்தான் இன்னும் கோபம் முழுக்கத் தணியவில்லை. அன்று பலமுறை வெடுக்கென்று பேசினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பக்கத்துப் பாறையில் தொங்கிய தேனடையைப் பார்த்து அவன் கையை நீட்டினான். பிச்சி படாரென்று கையில் ஒன்று வைத்தாள்.

"காஞ்ச வயித்துல தேனையா ஊத்துவாங்க? முதல்ல தண்ணி. அப்புறம் அத்திப்பழம் ஒண்ணு. மென்னு தின்னுங்க!"

சடையன் அத்திப்பழத்தை மெல்ல மென்றான். குகைக்குள்ளிருந்து சுள்ளான் எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு நொண்டி நொண்டி வந்து, அப்பாவின் முதுகு மயிரைப் பிடித்து ஏற முயன்றான். புண்பட்ட கால் வழுக்கியது. சடையன் சட்டென்று திரும்பவில்லை, குட்டி மிரளுமே என்று. வயிறு தரையில் படும்படி மெதுவாகத் தாழ்ந்து, அது தானாக ஏறி உட்காரும்வரை அசையாமல் படுத்திருந்தான்.

உடம்பையும் பழக்கத்தையும் முதலில் மெல்லப் பக்குவப்படுத்தாமல் வீம்புக்காக ஒரே நாளில் தொடங்குகிற விரதம், இருப்பவனையும் வீழ்த்தும், அவன் பக்கத்தில் இருக்கிற பாவமறியாதவர்களையும் வதைக்கும்.